மாதிரிக் கையெழுத்து

ஃபஹாஹீல் கடைவீதி வங்கியில்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்
காசோலையை மூன்றாம் முறை திருப்பித் தந்தாள்.
கணினியில் இருக்கும் கையெழுத்து வேறாம்.
ஆள் நான்தான் என்றேன்.
சிவில் ஐடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.
படத்தில் இருப்பவளுக்குக் கன்னம் இத்தனை உப்பவில்லை.
ஸ்டீராய்டு, என்றேன்.
அவள் அடுத்த டோக்கனை அழைக்கலாமா என்று யோசித்தாள்.

ஏப்ரல் கடைசி, வெளியே செம்புழுதி,
இன்வாய்ஸில் நான்கு என்ற எண்ணை
எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியாமல்
உட்கார்ந்திருந்தேன். அது ஞாபகம் இருக்கிறது.
அதற்கப்புறம் ஐம்பத்திரண்டு நாள்
என்னிடம் இல்லை.
ஆளுக்குக் கொஞ்சமாக வைத்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டு சுலைகா இத்தாவிடம் இருப்பது:
நள்ளிரவில் வெறுங்காலோடு
லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேனாம்,
அஹ்மதி ஆலையின் நெருப்பு
என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று.
அவள் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள்.
கஸ்பார் வேளாங்கண்ணி எண்ணெய் தடவினான்.
முதல் ஆஸ்பத்திரி தூக்க மாத்திரை தந்தது.

இரவுப்பணி நர்ஸ் மரிசெல்லிடம் இருப்பது:
வாயில் எதுவும் இல்லாமல்
மென்றுகொண்டே இருந்தேன்.
இது மனசு இல்லை டாக்டர், என்று முதலில் சொன்னவள் அவள்தான்.
ஒருநாள் கஸ்பாரின் கையைத் தட்டிவிட்டு
தமிழில் ஏதோ கத்தினேனாம்.
என்ன கத்தினேன் என்று அவளுக்குத் தெரியாது,
அவன் முகம் போன போக்கு மட்டும் தெரியும்.

நான் கேட்டுக்கேட்டு,
மூன்று மாதம் கழித்து அவன் சொன்னான்,
குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல்:
"இவன் என் புருஷன் இல்லை,
அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்."

டாக்டர் இத்ரீஸ், சூடான்காரர்,
முதுகெலும்பில் ஊசி வைத்து நீர் எடுத்தார்.
இடப்பக்கச் சினைப்பையில் எலுமிச்சை அளவில் கட்டி.
உள்ளே முடி. ஒரு பல்.
மூளையைப் போலவும் கொஞ்சம்.
அதை அழிக்க உடம்பு ஆள் அனுப்பியிருக்கிறது,
வந்தவர்கள் சாயலைப் பார்த்து ஏமாந்து
மாடிக்கு ஏறிவிட்டார்கள்.
வேலியே பயிரை மேய்ந்த கதை.
சம்பளம் பிடிக்கும் மேனேஜர்களுக்கென்று
வைத்திருந்த பழமொழி.

அது பால்பல்லா என்று
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.

திரும்பி வந்ததில்
முதலில் வந்தது உப்பின் ருசி.
அடுத்து கெட்ட வார்த்தைகள், ஒன்று குறையாமல்.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு,
அதற்கு மேல் பாலம் உடைந்து கிடந்தது.
சாவியைக் காட்டினால்
"பூட்டோட பிள்ளை" என்றேன்.
கஸ்பார் சிரித்தான். பிறகு குளியலறைக்குள் போய்க்
குழாயைத் திறந்துவிட்டு
வெகுநேரம் வரவில்லை.

கம்பெனி இரண்டு மாதம் பொறுத்தது.
இகாமா முடிய ஒன்பது நாள் இருக்கையில்
என் பெயர் அவன் பெயருக்குக் கீழே போனது.
பழையபடி ஆகிட்டியே பிலோமி, என்கிறார்கள்
ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள்.
பழையவள் மிளகாய்ப்பொடியை எங்கே வைத்தாள் என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வங்கிப்பெண் கடைசியில் ஒரு படிவத்தைத் தள்ளினாள்.
புதிய மாதிரிக் கையெழுத்து, மூன்று கட்டம்,
மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கஸ்பார்
விளம்பரப் பலகையை ஊன்றிப் படித்தான்,
என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக.

முதலாவது வலப்பக்கம் சாய்ந்தது.
இரண்டாவதில் லோ-வின் கால் நீண்டுவிட்டது.
பேனாவைக் கீழே வைத்து
விரல்களை மடக்கி நீட்டினேன்.
பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
கொட்டட்டும்.